நம்ம டீம் பையன் கைதாகிவிட்டானா? ஆத்திரப்படும் ரசிகருக்கு ஒரு செய்முறைக் கையேடு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகரை மைதானத்துத் தோல்வி ஒரு வாரம் வாட்டும். வீரர் கைதான செய்தி அதைவிட அதிக நாள் வாட்டும், ஏனென்றால் அதற்கு ஸ்கோர்போர்டு கிடையாது. யார் முடிவெடுக்கிறார்கள், எப்போது முடிவு வரும் என்பதே தெரியாது. "விசாரணை நடக்கிறது" என்று ஒரு வரி அறிக்கை வரும், பிறகு இரண்டு மாதம் சத்தமே இருக்காது, திடீரென்று செப்டம்பரில் அதே பையன் ஸ்டார்ட்டராக ஓடிவருவான்.

இந்தக் குழப்பத்தில் பாதி, ஒரே சம்பவத்துக்கு மூன்று கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுவதால் வருகிறது. ஒன்று நீதிமன்றத்துடையது, இன்னொன்று பல்கலைக்கழகத்துடையது, மூன்றாவது கோச்சுடையது. எந்தக் கடிகாரத்தின் மீது கோபம் என்று தெரிந்தால்தான் அதைச் சொல்லவேண்டிய இடமும் தெரியும்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள்

செய்தித் தலைப்பை விட்டுவிட்டுக் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகத்தின் சிறைப் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். பல கவுண்டிகள் அன்றைய பதிவுகளை இணையத்தில் போடுகின்றன. பெயர், வயது, உயரம், எடை, குற்றச்சாட்டு வரிகள், ஒவ்வொரு வரிக்கும் ஜாமீன் தொகை, விடுவித்த நேரம் ஆகியவை அதில் இருக்கும். கல்லூரி ஊர்களில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம். அதனால் வயதையும் உடலளவையும் அணியின் ரோஸ்டரோடு, அதாவது வீரர் பட்டியலோடு, ஒப்பிடுங்கள். ரோஸ்டரில் ஓரிரு அங்குலம் கூட்டிப் போடுவது பழைய வழக்கம் என்பதால், சிறைப் பதிவில் ஆள் கொஞ்சம் குட்டையாக இருந்தால் வேறு ஆள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்து குற்றச்சாட்டு வரிகள். ஜார்ஜியாவில் ஒரு வீரர் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால் மூன்று விதமான வரிகளில் ஒன்று வரலாம். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 கிராம் அளவைத் தொட்டால் அது ஒரு வகை. 21 வயதுக்குக் கீழே இருந்தால் 0.02 போதும், அது இரண்டாவது வகை. மூன்றாவதை அங்கே "லெஸ் சேஃப்" என்பார்கள். சோதனை எண்ணே இல்லாமல், ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்று போலீஸ்காரர் கருதினாலே அது போடப்படும். தலைப்பில் மூன்றும் "டியூஐ கைது" என்றுதான் வரும். நீதிமன்றத்தில் மூன்றும் வேறு வேறு வழியில் போகும். கல்லூரி வீரர்களில் பெரும்பகுதி 21-ஐத் தொடாதவர்கள் என்பதால் அந்த 0.02 வரியை மறக்கக்கூடாது.

ஜாமீன் தொகையை வைத்துக் குற்றத்தின் கனத்தை அளக்காதீர்கள். சிறு குற்றங்களுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே அச்சடித்த அட்டவணைதான். ஆள் திரும்பி நீதிமன்றத்துக்கு வருவாரா என்பதற்கான உறுதிதான் ஜாமீன். அதைத் தீர்ப்பாகப் படிப்பது தவறு.

சம்பவ அறிக்கையைக் கேட்டு வாங்குவது

சிறைப் பதிவு என்ன குற்றம் என்று மட்டும் சொல்லும். என்ன நடந்தது என்று சொல்வது சம்பவ அறிக்கை. அதை வாங்கப் பத்திரிகையாளராக இருக்கவேண்டியதில்லை.

முதல் வேலை, எந்தப் போலீஸ் என்று கண்டுபிடிப்பது. வளாகப் போலீஸா, நகரப் போலீஸா, கவுண்டி ஷெரிஃபா, மாநில ரோந்துப் படையா? தவறான அலுவலகத்துக்கு எழுதினால் "எங்களிடம் அப்படி ஆவணம் இல்லை" என்று உண்மையான, ஆனால் உதவாத பதில் வரும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த அலுவலகத்தின் ஆவணப் பிரிவுக்கு மின்னஞ்சல். தேதி, இடம், கைதானவரின் பெயர், வழக்கு எண் தெரிந்தால் அதுவும், "முதல் சம்பவ அறிக்கை, கைது அறிக்கை இரண்டும் வேண்டும்" என்ற வரியும் இருந்தால் போதும். "இந்த வீரரைப் பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் கட்டணம் ஏறும், காலமும் ஏறும்.

ஜார்ஜியாவில் மூன்று வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும். தேடும் வேலையில் முதல் 15 நிமிடம் இலவசம், நகல் பக்கத்துக்கு 10 சென்ட். வழக்கு நிலுவையில் இருந்தாலும் முதல் சம்பவ அறிக்கையை அங்கே மறைக்க முடியாது. அதற்குப் பிந்தைய விசாரணைக் கோப்பைத்தான் நிறுத்திவைக்கலாம். டெக்சாஸில் சில ஆவணங்களைத் தர விரும்பாத அலுவலகம் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) முடிவைக் கேட்கவேண்டும்.

வளாகத்துக்குள் நடந்திருந்தால் இன்னொரு வழி உண்டு. கிளெரி சட்டம் 1990-ல் வந்தது. 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்ட மாணவி ஜீன் கிளெரியின் பெயர் கொண்டது. வளாகப் போலீசோ பாதுகாப்புத் துறையோ உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தினசரிக் குற்றப் பதிவேடு வைக்கவேண்டும், புகார் வந்து இரண்டு வேலை நாளுக்குள் அதில் ஏற்றவேண்டும், கடைசி 60 நாள் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் வந்து கேட்டாலும் காட்டவேண்டும். பெயர்கள் இருக்காது. தேதி, இடம், வகை, தற்போதைய நிலை மட்டும் இருக்கும். மத்திய அரசின் மாணவர் உதவிப் பணம் வாங்கும் தனியார் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும்.

தனியார் பல்கலைக்கழகங்களில் வேறு சிக்கல் இருக்கிறது. மாநிலத் திறந்த ஆவணச் சட்டம் அவர்களின் போலீசுக்குப் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓஹையோ உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒட்டர்பைன் வழக்கில் பொருந்தும் என்றது. இண்டியானா உச்ச நீதிமன்றம் 2016-ல் நோட்டர் டேம் வழக்கில் பொருந்தாது என்றது. அடுத்தடுத்த மாநிலங்கள், எதிரெதிர் தீர்ப்புகள்.

கைது எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுவதற்கு முன்

"எங்க டீம்ல நாலு, உங்க டீம்ல ஒம்போது" என்ற கணக்கு ரசிகர்களுக்குப் பிடித்த விளையாட்டு. பெரும்பாலும் பொருளற்ற கணக்கு. ஜார்ஜியாவில் சாதாரணப் போக்குவரத்துக் குற்றமே சட்டப்படி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றவியல் குற்றம். அதனால் வேகமாக ஓட்டியவரைச் சிறைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் சாதாரண வேக மீறல் குற்றவியல் அல்லாத மீறல், சீட்டுக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரே காரை ஒரே வேகத்தில் இரண்டு மாநிலங்களில் ஓட்டினால் ஒரு பட்டியலில் பெயர் ஏறும், இன்னொன்றில் ஏறாது.

இதைச் சாக்காகவும் எடுத்துக்கொள்ள முடியாது. ஜார்ஜியா பல்கலைக்கழக அணி தொடர்ந்து இரண்டாவது தேசியப் பட்டம் வென்ற கொண்டாட்ட ஊர்வலத்துக்கு மறுநாள், 2023 ஜனவரி 15 விடியற்காலையில், அந்தப் பல்கலைக்கழக ஊரான ஏதென்ஸில் ஒரு வீரரும் ஃபுட்பால் துறை ஊழியர் ஒருவரும் கார் விபத்தில் இறந்தார்கள். மணிக்கு 104 மைல் வேகத்தில் இன்னொரு காருடன் பந்தயம் ஓடியதாகப் போலீஸ் சொன்னது. அதற்குப் பிறகும் அதே அணியிலிருந்து வேகக் கைதுகள் வந்தபோது ரசிகர்கள் கொதித்ததற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல, அடுத்த சாவு எப்போது என்ற பயம். அந்த மாநிலத்தில் 85 மைலைத் தொட்டால் வழக்கமான அபராதத்துக்கு மேல் 200 டாலர் தனிக் கட்டணம். விளம்பர ஒப்பந்தப் பணம் வாங்கும் ஸ்டார் வீரருக்கு 200 டாலர் உறைக்காது. அணியின் கோச் கர்பி ஸ்மார்ட், தவறு செய்த வீரர்களுக்கு அவர்கள் வாங்கும் என்ஐஎல் (பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் கிடைக்கும்) பணத்திலேயே அபராதம் போடுவதாக 2024-ல் சொன்னதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ளவேண்டும்.

எண்ணவேண்டும் என்றால் கைதுகளை எண்ணாதீர்கள். ஒரே வகைச் சம்பவம் ஒரே அணியில் மூன்று நான்கு வருடமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். கோச்சிடமும் நிர்வாகத்திடமும் கேள்வி கேட்க அதுதான் கைப்பிடி.

நீதிமன்றக் கடிகாரம்

கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் டாக்கெட், அதாவது வழக்கின் நடவடிக்கைப் பட்டியல், வரும். அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளிவைப்பு நான்கைந்து முறை வருவது இயல்பு. அதில் சதி எதுவும் இல்லை. ஃபெலனி, அதாவது ஓராண்டுக்கு மேல் சிறை போகக்கூடிய குற்றம், நெடுநாள் இழுக்கும்.

டாக்கெட்டில் ரசிகர்கள் தவறாகப் படிக்கும் சொற்கள் சில. "நோலே பிராஸ்" என்றால் அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார், நிரபராதி என்று தீர்ப்பு வரவில்லை. "நோ கான்டெஸ்ட்" என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார். "டைவர்ஷன்" என்றால் வகுப்பு, சமூக சேவை போன்றவற்றை முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும். முதல் முறை சிறு குற்றம் செய்த எந்தக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கக்கூடியது இது. ஸ்டார் வீரருக்குக் கிடைத்ததும் "பார்த்தீர்களா, சலுகை!" என்று கத்துவதற்கு முன், அதே கவுண்டியில் அதே குற்றத்துக்கு மற்ற மாணவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஐந்தாறு டாக்கெட்டுகளைப் பாருங்கள். அரை மணி நேர வேலை. சலுகை நடந்திருந்தால் அப்போதுதான் நிரூபிக்கவும் முடியும்.

அவசரமும் தவறிழைக்கும், மறதியும் தவறிழைக்கும். டியூக் பல்கலைக்கழக லாக்ராஸ் வழக்கில் 2006-ல் ஊரே தீர்ப்பு எழுதியது. 2007 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் குற்றம்சாட்டப்பட்ட மூன்று வீரர்களையும் நிரபராதிகள் என்று அறிவித்தார். எதிர்ப்பக்கம், ஓக்லஹோமாவில் 2014 ஜூலையில் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் ஆட்டக்காரர்) ஒரு பெண்ணை முகத்தில் அடித்தார், ஒரு சீசன் இடைநீக்கத்தோடு திரும்பி வந்து ஆடினார். அந்த அடி பதிவான காணொளியைப் பொதுமக்கள் பார்த்தது 2016 டிசம்பரில்தான். அடி அதே அடி, ரசிகர்களின் கோபம் மட்டும் இரண்டரை வருடம் தாமதமாக வந்தது. அறிக்கையை முன்பே படித்தவர்களுக்குக் காணொளி தேவைப்பட்டிருக்காது.

பல்கலைக்கழகக் கடிகாரம்

ரசிகர்கள் அதிகம் எரிச்சலாவது இங்கேதான், ஏனென்றால் இங்கே கதவு பூட்டியிருக்கும். 1974-ன் ஃபெர்பா என்ற மாணவர் ரகசியச் சட்டப்படி மாணவரின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு கல்வி ஆவணம், வெளியில் சொல்லக்கூடாது. ஆனால் இந்தப் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் மூடும்போது இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். வளாகப் போலீஸ் தன் வேலைக்காக எழுதிய அறிக்கை கல்வி ஆவணத்தில் சேராது. வன்முறைக் குற்றத்திலோ பாலியல் குற்றத்திலோ மாணவர் விதியை மீறியதாக இறுதி முடிவு வந்தால், அந்த முடிவை வெளியிடப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. கட்டாயம் இல்லை, அனுமதி. ஆகவே "சட்டம் விடவில்லை" என்று சொன்னால், "எந்தப் பிரிவு, இது இறுதி முடிவா, விதிவிலக்கைப் பயன்படுத்தப்போவதில்லை என்று யார் முடிவெடுத்தது" என்று எழுத்தில் கேட்கலாம்.

பாலியல் புகார் என்றால் டைட்டில் நைன், அதாவது கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய சட்டத்தின் நடைமுறை. 2024-ல் வந்த புதிய விதிகளை 2025 ஜனவரியில் கென்டக்கி மத்திய நீதிமன்றம் ரத்து செய்ததால் 2020 விதிகள் திரும்ப வந்தன. அவற்றின்படி சாட்சியங்களைப் பார்க்க இரு தரப்புக்கும் 10 நாள், அறிக்கை வந்தபின் விசாரணைக்கு முன் இன்னொரு 10 நாள், பிறகு குறுக்கு விசாரணையோடு நேரடி விசாரணை. அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவரைத் தண்டிக்க முடியாது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தனியாக மதிப்பிட்டால் மட்டும் வளாகத்திலிருந்து அகற்றலாம். கோச் வாய் திறக்காமல் இருப்பதற்குச் சில சமயம் கோழைத்தனம் காரணம், சில சமயம் இந்த விதி காரணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அணியிலிருந்து நீக்கம், ஸ்காலர்ஷிப் ரத்து, கல்லூரியிலிருந்து நீக்கம் மூன்றும் வேறு வேறு. முதலாவதைக் கோச் ஒரே நாளில் செய்யலாம். வருட நடுவில் ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்ய, மாணவர் ஒழுங்குக் குழு கடுமையான தவறு என்று கண்டிருக்கவேண்டும், வீரருக்கு மேல்முறையீடும் உண்டு. நீக்கப்பட்டவர், அணி மாற விரும்புவோரின் பட்டியலான போர்ட்டலில் ஏறி வேறு அணியில் தோன்றுவதும் இந்த இடைவெளியில்தான். இதை அடைக்க, ஜார்ஜியா ஆடும் அணிக் கூட்டமைப்பான எஸ்இசி 2015-ல் ஜார்ஜியாவின் முன்மொழிவை ஏற்று, பாலியல் தாக்குதல், குடும்ப வன்முறை போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவர்களை இடமாற்றத்தில் எடுக்கத் தடை போட்டது. இண்டியானா பல்கலைக்கழகம் 2017-ல் தானே அதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொண்டது.

கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்சிஏஏ வந்து தண்டிக்கும் என்று காத்திருக்காதீர்கள். பேலர் பல்கலைக்கழகத்தில் கோச் 2016-ல் வேலை இழந்த பாலியல் வன்முறை விவகாரத்தில், 2021 ஆகஸ்டில் என்சிஏஏ குழு சொன்னது இதுதான்: நடந்தது மோசம், ஆனால் எங்கள் விதிப் புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. அதே என்சிஏஏ, கையெழுத்துக்கும் நினைவுப் பொருளுக்கும் பதிலாகப் பச்சை குத்திக்கொண்ட ஓஹையோ ஸ்டேட் வீரர்களுக்கு 2010 டிசம்பரில் ஐந்து ஆட்டத் தடை போட்டது. 2021 ஜூலையில் என்ஐஎல் வந்தபின் கையெழுத்து விற்பது சாதாரண வியாபாரம்.

கோச்சின் கடிகாரம்

"காலவரையற்ற இடைநீக்கம்" என்றால் நீண்ட இடைநீக்கம் என்று பொருள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் பொருள். பிப்ரவரியில் அறிவித்து ஆகஸ்டில் எடுத்தால் இழந்த ஆட்டங்கள் பூஜ்யம்.

அறிவிப்பு வந்ததும் அட்டவணையைத் திறந்து, தண்டனை எந்த ஆட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். முதல் வாரத்தில் எஃப்சிஎஸ் என்ற கீழ்ப்பிரிவு அணியை 40 புள்ளி வித்தியாசத்தில் வெல்லப்போகும் ஆட்டமா, எஸ்இசி எதிரியா? வீரர் ரெட்ஷர்ட்டில், அதாவது ஆடும் தகுதி வருடங்களில் ஒன்றைச் செலவழிக்காமல் ஒரு சீசன் ஒதுங்கி, இருக்கிறாரா என்றும் பாருங்கள். 2018-ல் வந்த விதி, நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் வருடத்தை இழக்கவேண்டாம் என்றது. எப்படியும் நான்கே ஆட்டம் ஆடவிருந்தவருக்கு இரண்டு ஆட்டத் தடை உறைக்குமா?

தண்டனை யார் அழுத்தத்தில் மாறுகிறது என்பதைக் காட்டுவதற்கு 2014 செப்டம்பரின் ஃப்ளோரிடா ஸ்டேட் வாரம் போதும். அணியின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) ஜேமிஸ் வின்ஸ்டன் செவ்வாயன்று வளாகத்தில் மேசைமேல் ஏறி ஆபாச வாசகம் ஒன்றைக் கத்தினார். அதே வருடம் ஏப்ரலில்தான் 32.72 டாலர் மதிப்புள்ள நண்டு, இறால் வகைகளைக் காசு கொடுக்காமல் கடையிலிருந்து எடுத்துச் சென்றதற்கு 20 மணி நேரச் சமூக சேவை வாங்கியிருந்தார். புதனன்று தண்டனை: கிளெம்சன் ஆட்டத்தின் முதல் பாதி மட்டும். கண்டனம் கொட்டியது. வெள்ளி இரவு அது முழு ஆட்டமானது. சனிக்கிழமை அவர் தோள்கவசத்தோடு முழு உடையில் பயிற்சிக்கு வந்து நிற்க, கோச் ஜிம்போ ஃபிஷர் போய் உடை மாற்றி வரச் சொன்னார். மாற்று குவார்ட்டர்பேக்கோடு அணி கூடுதல் நேரத்தில் 23–17 என்று வென்றது. அரை ஆட்டம் முழு ஆட்டமான அந்த இரண்டு நாள்தான் ரசிகரின் ஜன்னல். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துக்குள் போகும் எதிர்ப்புக்கு இருக்கும் வலு அடுத்த வாரம் இருக்காது.

"அணி விதி மீறல்" என்ற சொல்லுக்குள் வகுப்புக்குப் போகாததிலிருந்து போதைச் சோதனையில் தோற்றது வரை எல்லாம் அடங்கும். அதை வைத்துக் கதை கட்டாதீர்கள். என்சிஏஏ தன் டிவிஷன் ஒன் சாம்பியன்ஷிப் தடைப் பட்டியலிலிருந்து கஞ்சாவை 2024 ஜூனில் எடுத்துவிட்டது. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் அது வீரரின் காரில் இருந்தால் இன்னும் குற்றம்தான்.

கோபத்தை எழுத்தாக்குவது

வீரரின் சமூகவலைப் பக்கத்தில் திட்டுவது, புகார் கொடுத்தவர் யாரென்று துப்பறிவது, குடும்பத்தாரைத் தேடிப் பிடிப்பது இவற்றைச் செய்யவே வேண்டாம். புகார்தாரரின் பெயரை ஊகமாகக்கூட எழுதாதீர்கள். தவறான ஆளைச் சுட்டினால் அவதூறு வழக்கு உங்கள் பெயரில் வரும். தீர்ப்பு வரும்வரை "குற்றம்சாட்டப்பட்ட" என்ற அடைமொழியை விடாதீர்கள்.

கடிதம் விளையாட்டுத்துறை இயக்குநருக்கு, நகல் பல்கலைக்கழகத் தலைவருக்கும் அறங்காவலர் குழுவின் செயலருக்கும். கோச்சுக்கு எழுதுவது வீண். அவருடைய முதலாளிக்கு எழுதுங்கள். எழுதுவதற்கு முன் துறையின் தளத்தில் மாணவ விளையாட்டு வீரர் கையேட்டைத் தேடுங்கள். ஃபெலனிக் குற்றச்சாட்டு வந்தால் வழக்கு முடியும்வரை ஆடக்கூடாது என்பது போன்ற விதி பல இடங்களில் எழுத்தில் இருக்கும். இருந்தால் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள். பிறகு கேள்விகள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்:

- இடைநீக்கத்தின் நீளத்தை முடிவுசெய்வது கோச்சா, இயக்குநரா? எழுத்து வடிவ அளவுகோல் உண்டா?
- போர்ட்டல் வழியாக வந்தவர் என்றால், என்சிஏஏ கேட்கும் வருடாந்திர நடத்தை அறிவிப்பை யார் சரிபார்த்தது? முந்தைய கல்லூரியிடம் எழுத்தில் கேட்டீர்களா?
- கோச்சிங் ஊழியருக்குப் புகார் தெரியவந்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்தில் சொல்லவேண்டும்?
- வருமானப் பங்கு ஒப்பந்தத்தில் நடத்தைப் பிரிவு இருக்கிறதா, இதுவரை பயன்படுத்தியிருக்கிறீர்களா?

கடைசிக் கேள்விக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தப்படி 2025 ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம். "அவர்கள் மாணவர்கள், எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று சம்பளம் கொடுப்பவர் சொல்வது எடுபடாது.

பணத்தால் பேசுவது என்றால், சீசன் டிக்கெட்டை எடுத்தவுடன் ரத்து செய்யாதீர்கள். இடமும் முன்னுரிமைப் புள்ளிகளும் போய்விடும், பின்னால் வரிசையில் நிற்பவர் உட்காருவார், பல்கலைக்கழகத்துக்கு நஷ்டமே இருக்காது. இருக்கை உரிமைக்கான நன்கொடையைப் புதுப்பிக்கும்போது ஒரு படி குறைத்து, காரணத்தை எழுதி அனுப்புங்கள். காரணம் எழுதாத குறைப்பு, கணக்கில் வெறும் பொருளாதார மந்தமாகத்தான் பதிவாகும். இருக்கை உரிமை நன்கொடைக்கான வரிக்கழிவு 2017 வரிச் சட்டத்தோடு போய்விட்டதால் அந்தப் பக்கம் இழப்பு இல்லை. வீரர்களுக்கு என்ஐஎல் பணம் திரட்டும் ரசிகர் அமைப்பான கலெக்டிவுக்கு மாதச் சந்தா கட்டுபவருக்கு வேலை இன்னும் எளிது: நிறுத்துங்கள், நிறுத்தும்போது கேட்கும் காரணப் பெட்டியில் வழக்கு எண்ணை எழுதுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் அறங்காவலர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கும் இடங்களில் முன்பதிவு வேண்டும், கிடைப்பது பெரும்பாலும் 2 அல்லது 3 நிமிடம். மூன்று நிமிடத்தில் ஒரு கேள்விதான் கேட்க முடியும். எழுதிக்கொண்டு போய், படித்துவிட்டு, நகலைச் செயலரிடம் கொடுத்து, கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சீசன் முடிந்து ஜனவரியில் அந்த டாக்கெட்டை ஒருமுறை திரும்பத் திறந்து பாருங்கள். வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் செப்டம்பரில் நீங்கள் எழுதிய பதிவின் மேலேயே, அதே எழுத்தளவில், தேதியோடு சேருங்கள். தண்டனை வந்திருந்தால் அதையும் அப்படியே. எதிரணி ரசிகர் அந்தப் பதிவைத் தேடி எடுத்துவருவதற்கு முன் செய்துவிடுவது நல்லது.